நடந்தும் சைக்கிளிலும் போக ஊருக்குள் வழி அமைப்பது எப்படி?

காலி மனையின் குறுக்கே ஒற்றையடிப்பாதை போவதைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. பக்கத்திலேயே நல்ல தார்ச்சாலை இருக்கும். ஆனால் அது மனையைச் சுற்றி வளைந்து போகும். ஜனங்கள் குறுக்கே நடந்து நடந்து, புல் தேய்ந்து, மண் இறுகி, அதுவே ஒரு வழியாகிவிட்டிருக்கும். ஊர்ப் போக்குவரத்தைத் திட்டமிடுகிறவருக்கு அந்த ஓரடி அகலத் தடம் பெரிய பொக்கிஷம். எங்கிருந்து எங்கே போக ஆட்களுக்கு விருப்பம் என்பதை, ஒரு கேள்வித்தாளும் நிரப்பாமல் அது சொல்லிவிடுகிறது.

நடப்பவரும் சைக்கிள் மிதிப்பவரும் சொந்த உடம்பின் பலத்தில் நகர்கிறவர்கள். காரில் இருப்பவருக்கு அரை கிலோமீட்டர் சுற்றுவது ஒரு நிமிட விஷயம். நடக்கிறவருக்கு அதே அரை கிலோமீட்டர் ஆறு நிமிடம். கையில் பை இருந்தால், இடுப்பில் குழந்தை இருந்தால், இன்னும் அதிகம். ஆனால் பெரும்பாலான ஊர்களில் காருக்குக் கணக்குப் பண்ணிச் சாலையைப் போட்டுவிட்டு, மிஞ்சிய ஓரத்தில் நடைபாதையும், அதிலும் மிஞ்சினால் சைக்கிள் தடமும் வரைந்திருப்பார்கள். அதைத் தலைகீழாக யோசிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரைபடம் பார்க்கத் தெரிய வேண்டும், கொஞ்சம் நடக்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி வேறு, வலை வேறு

முதலில் ஒரு பழைய தவறைப் பார்த்துவிடுவோம். பல ஊர்கள் இன்றைக்கும் அதையே திரும்பச் செய்கின்றன.

நெதர்லாந்து என்றதும் நமக்குச் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார்கள் பெருகி, சைக்கிள் ஓரங்கட்டப்பட்டுக்கொண்டுதான் வந்தது. 1971-இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அரசாங்கம் அசைந்து கொடுத்தது. 1970-களின் நடுவில் ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் மாதிரிக்காக ஊருக்கு ஒரு சைக்கிள் பாதை போட்டுப் பார்த்தார்கள். செலவு பார்க்காமல் நல்ல தரத்தில் போட்ட பாதைகள்.

அவற்றில் கூட்டம் கூடியது உண்மைதான். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். புதிதாகச் சைக்கிளை எடுத்தவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. அந்தப் பாதையின் ஒரு முனையில் வீடும் மறுமுனையில் வேலையும் இருக்கிற அதிர்ஷ்டசாலிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்கள் பாதைக்கு வந்து சேரவும், அதை விட்டுப் பிரிந்து போகவும், பழைய ஆபத்தான சாலைகளில்தானே ஓட்டியாக வேண்டும்?

டெல்ஃப்ட் நகரம் வேறு மாதிரி செய்தது. 1979-இல் திட்டம் வகுத்து 1980-களில் நிறைவேற்றினார்கள். ஒரே பாதையில் பணத்தைக் கொட்டாமல், ஊர் முழுக்க எங்கெங்கே சைக்கிள் தடைப்படுகிறது என்று பார்த்து, விட்டுப்போன துண்டுகளை இணைத்தார்கள். இங்கே ஒரு சின்னப் பாலம், அங்கே ஒரு சுரங்கப்பாதை என்கிற மாதிரி. வலைக்கு மூன்று அடுக்கு வைத்தார்கள். ஊரைக் குறுக்கே கடக்கிற பெரிய வழிகள் சுமார் அரை கிலோமீட்டருக்கு ஒன்று. பேட்டைக்குப் பேட்டை போகிற வழிகள் 200, 300 மீட்டருக்கு ஒன்று. வீட்டு வாசலிலிருந்து அவற்றில் போய்ச் சேர, அதைவிட நெருக்கமாகச் சின்னச் சின்ன வழிகள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் படம் எடுத்துப் போடுகிற மாதிரி ஒன்றும் இருக்காது. ஆனால் ஊரின் மொத்தச் சைக்கிள் பயணமே கூடியது.

ஸ்பெயினின் செவில் நகரம் இதையே வேகமாகச் செய்துகாட்டியது. 2007-ஐ ஒட்டிய குறுகிய காலத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, காரிலிருந்து பிரிக்கப்பட்ட பாதைகளை ஒன்றோடொன்று இணைத்தே போட்டார்கள். அதற்கு முன் சைக்கிளைத் தேடிப் பார்க்க வேண்டிய ஊர் அது. சில ஆண்டுகளில் சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. துண்டு துண்டாக, ஆண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு சங்கடம் என்னவென்றால், திறப்பு விழாவுக்கு ஒற்றைப் பாதைதான் தோது. வலைக்கு எந்த இடத்தில் ரிப்பன் கட்டுவது?

யாரை மனதில் வைத்து வரைவது?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் சைக்கிள் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கெல்லர் 2006-இல் ஊர் மக்களை நான்காகப் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். கோடு போட்ட தடம் இருந்தால் போதும், ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்கள் சுமார் 7 சதவீதம். சைக்கிளே வேண்டாம் என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி சுமார் 60 சதவீதம் பேர்? ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. கெல்லர் போட்டது ஒரு மனக்கணக்குதான் என்றாலும், பிறகு வந்த ஆய்வுகளும் அந்தப் பெரிய நடுக்கூட்டம் இருப்பதை உறுதிப்படுத்தின.

திட்டமிடுகிறவர் கண் வைக்க வேண்டியது அந்த 60 பேர் மேல். துணிச்சல்காரர் எப்படியும் ஓட்டிக்கொள்வார். அவருக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நடைமுறையில் நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்: தனியாகப் பள்ளிக்குப் போகும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த வழியில் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் பெரியவர்கள் நிம்மதியாக இருக்க முடியுமா? நடைபாதைக்கு அளவுகோல் வேறு: சக்கர நாற்காலியில் போகிறவர், பார்வை இல்லாதவர், தடி ஊன்றி நடக்கும் முதியவர். இவர்களுக்குச் சரிப்படுகிற வழி மற்ற எல்லாருக்கும் சரிப்படும்.

இந்தப் பயத்தை அளக்கவும் ஒரு முறை உண்டு. 2012-இல் அமெரிக்காவின் மினெட்டா போக்குவரத்து ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தெருக்களைச் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அவை தரும் மன அழுத்தத்தை வைத்து நான்கு படிகளாகப் பிரித்தது. முதல் படி, பிள்ளைகளை விடலாம். நான்காம் படி, துணிச்சல்காரருக்கு மட்டும். சான் ஹோசே நகரத்தை எடுத்து வரைந்து பார்த்தபோது, பெரும்பாலான தெருக்கள் அமைதியானவைதான் என்று தெரிந்தது. ஆனால் அவை சின்னச் சின்னத் தீவுகளாகக் கிடந்தன. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் நான்காம் படிச் சாலை ஒன்றைக் கடந்தே தீர வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு முழுக்க அமைதியான தெருக்கள் வழியாகவே போய்ச் சேரக்கூடிய பயணங்கள் மிகச் சொற்பம்.

இதில் ஒரு விதி இருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழியின் தரம் அதன் சராசரி அல்ல. அதில் இருக்கும் மிக மோசமான இடம்தான் அதன் தரம். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதுதான். மூன்று கிலோமீட்டர் மரநிழலில் பிரமாதமான பாதை, நடுவில் லாரிகள் சுற்றும் ஒரு ரவுண்டானாவில் நாற்பது மீட்டர் தவிப்பு என்றால், அந்தப் பிள்ளையை யாரும் அனுப்பமாட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் செலவழித்த காசும் வீண்.

வரைபடத்தின் முன் உட்காரும்போது

சரி, வேலையை எங்கே தொடங்குவது? சாலைகளை மறந்துவிடுங்கள். அதுதான் முதல் படி. ஊரின் வரைபடத்தில் ஆட்கள் போகிற இடங்களை மட்டும் புள்ளி வையுங்கள்: பள்ளிகள், மருத்துவமனை, சந்தை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், பூங்கா, நூலகம், வேலை அதிகம் உள்ள இடங்கள். குடியிருப்புகளை வட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வட்டத்திலிருந்து புள்ளிக்கு, சாலை இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல், ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுங்கள். நிறையப் பேர் போகக்கூடிய கோட்டைத் தடிமனாகப் போடுங்கள். இதைத் திட்டமிடுகிறவர்கள் விருப்பக் கோடுகள் என்பார்கள். காலி மனையில் பார்த்த ஒற்றையடிப்பாதையை ஊர் அளவுக்குப் பெரிதாக்கினால் இதுதான்.

நடப்பதற்கும் சைக்கிளுக்கும் எல்லை வேறு வேறு. சாதாரணமாக நடக்கிறவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலோர் வேறு வழி தேடுவார்கள். சைக்கிளில் நிதானமாக 15 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் 5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம். ஒரு நடுத்தர ஊரின் எந்த மூலையிலிருந்தும் மையத்துக்கு வந்துவிடக்கூடிய தூரம் அது.

இனிமேல்தான் நிஜம். கோடுகளின் மேல் தடைகளை வரையுங்கள். ஆறு, ரயில் தண்டவாளம், நெடுஞ்சாலை, சுற்றுச்சுவர் கட்டிய பெரிய வளாகங்கள். விருப்பக் கோடுகள் எங்கே போய் முட்டுகின்றன என்று பாருங்கள். ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளி, இந்தப் பக்கம் குடியிருப்பு. நேர்க்கோட்டில் 600 மீட்டர். ஆனால் கடக்க வழி தள்ளி இருக்கிற பாலம் ஒன்றுதான். அப்படிப் போனால் 1,900 மீட்டர். 1,900-ஐ 600-ஆல் வகுத்தால் மூன்றுக்கும் மேல். இந்த எண்ணுக்குச் சுற்று விகிதம் என்று பேர் வைத்துக்கொள்ளலாம். சாதாரணத் தெரு அமைப்பில் இது 1.2, 1.3 என்ற அளவில் இருக்கும். 1.5-ஐத் தாண்டினாலே நடப்பவர் முணுமுணுக்கத் தொடங்குவார். மூன்று என்றால் பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள், அல்லது பிள்ளைகள் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு சின்னச் சுரங்கப்பாதை செய்யும் வேலையை, ஊர் முழுக்க நடைபாதைக்குப் புதுக் கல் பதித்தாலும் செய்ய முடியாது.

எல்லாத் தடைக்கும் சுரங்கம் வெட்ட வேண்டியதில்லை என்பதுதான் ஆறுதல். பல ஊர்களில் முட்டுச்சந்துகளின் முடிவில் ஒரு சுவர் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தெரு. இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சுவரில் வாய் திறந்து, வண்டி நுழையாமல் நடுவில் ஒரு கம்பம் நட்டால், கால் மணி நேர நடை மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும். இந்தத் துறையில் செலவுக்கும் பலனுக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி உள்ள வேலை இன்னொன்று இல்லை என்பேன்.

கோடு இழுக்கும்போது இரண்டு சறுக்கல்கள் சகஜம். ஒன்று, எல்லாக் கோடுகளையும் ஊர் மையத்தை நோக்கியே இழுப்பது. அலுவலகம் போய் வருகிறவரின் பயணம் அப்படி இருக்கலாம். ஆனால் வீட்டைக் கவனிக்கிறவரின் ஒரு காலை நேரத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள்: பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்துக் கடையில் நின்று, வயதான தாயைப் பார்த்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீடு. நான்கு நிறுத்தம், எல்லாம் சின்னத் தூரம், மையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊரைச் சுற்றி வளையமாகப் போகும் வழிகளும், பேட்டைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமான வழிகளும் வேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

இன்னொன்று, ‘இந்தச் சாலையைக் கடப்பவர்கள் நாளைக்குப் பத்துப் பேர்தான், இதற்கு எதற்குக் கடவை?’ என்ற வாதம். கடக்க முடியாததால்தான் பத்துப் பேர். இப்போது யார் போகிறார்கள் என்று எண்ணுவது தேவைதான். ஆனால் போக முடிந்தால் யார் போவார்கள் என்பதை விருப்பக் கோடுதான் காட்டும். உடற்பயிற்சிச் செயலிகள் சேகரிக்கும் சைக்கிள் தடங்களையும் இதே எச்சரிக்கையோடு பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் அதில் பளிச்சென்று தெரிவார். காய்கறி வாங்கப் போகிறவர் தெரியவே மாட்டார்.

பெரிய சாலையா, உள்தெருவா

விருப்பக் கோடுகளை நிஜத் தெருக்களின் மேல் இறக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வி வரும். பதில் பெரும்பாலும் வண்டிகளின் வேகத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார் முன்னால் ஒரு பிள்ளை ஓடி வருகிறது என்று வையுங்கள். ஓட்டுநர் பார்த்து, உறைத்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி. அதற்குள் கார் 8 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் சுமார் 13 மீட்டர். அதே கார் 50-இல் வந்தால்? அந்த முதல் வினாடியிலேயே 14 மீட்டர் போய்விடுகிறது. அதாவது, 30-இல் வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், 50-இல் வந்த காரின் ஓட்டுநர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கத் தொடங்குகிறார். பிள்ளை அங்கே நிற்கிறது.

ஆகவே 30-க்குக் கீழ், வண்டிகளும் குறைவு என்றால் சைக்கிளும் காரும் ஒரே தெருவில் போகலாம். தனித் தடமே வேண்டாம். அதற்கு மேல் போனால் பிரிக்க வேண்டும். பிரிப்பது என்றால் வெள்ளைக் கோடு போடுவது அல்ல. கோட்டின் மேல் கார் நிற்கும், நிற்கிற காரின் கதவு திடீரென்று திறக்கும், சைக்கிள்காரர் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கும். கல் விளிம்போ, செடித் தொட்டியோ, உயரத்தில் ஒரு படி வித்தியாசமோ ஏதாவது நிஜமான தடுப்பு வேண்டும்.

பெரிய சாலையில் இடம் பிடுங்குவது சண்டையில் முடியும் என்று பயந்து, சைக்கிளை எல்லாம் உள்தெருக்களில் தள்ளிவிடுகிற பழக்கமும் இருக்கிறது. பதினாறு திருப்பம், எட்டு இடத்தில் நின்று பார்த்துப் போ, அம்புக்குறிப் பலகை இல்லாவிட்டால் வழி தவறும். கடைகளும் வங்கியும் மருத்துவமனையும் பெரிய சாலையில் இருக்கும்போது, பின்பக்கமாகக் கொண்டுபோய் விட்டால் என்ன பிரயோஜனம்? உள்தெரு வழி பெரிய சாலையைவிடச் சுருக்கமாகவோ, குறைந்தது அதே அளவு நேராகவோ இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

உள்தெருவை நிஜமாகவே அமைதியாக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. குடியிருப்புத் தெருக்களில் ஓடும் வண்டிகளில் பல அந்தத் தெருவுக்கு வருபவை அல்ல. பெரிய சாலையின் நெரிசலைத் தவிர்க்கக் குறுக்கே பாய்கிறவை. தெருவின் நடுவில் ஓரிடத்தில் இரண்டு கம்பமோ செடித் தொட்டியோ வைத்தால், நடப்பவரும் சைக்கிளும் ஊடே போகலாம், கார் போக முடியாது. தெருவில் குடியிருப்பவர் தன் வீட்டுக்குக் காரில் வரலாம், ஆனால் வந்த பக்கமே திரும்ப வேண்டும். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் 1977-இல் இதை ஊர் மையம் முழுவதற்கும் செய்தது. மையத்தை நான்கு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே வட்டச்சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளுக்கும் நடைக்கும் எல்லாப் பக்கமும் திறந்தே இருந்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று உலகிலேயே சைக்கிள் அதிகம் ஓடுகிற நகரங்களில் அதுவும் ஒன்று. இத்தனைக்கும் தேவைப்பட்டது முக்கியமாகச் சில அடைப்புகளும் ஒருவழிப் பலகைகளும்தான்.

சந்திப்பில்தான் எல்லாம்

சாலையின் நீளத்துக்குப் பாதை போடுவது சுலபம். சந்திப்பு வந்ததும் கோடு காணாமல் போய்விடும். ஐம்பது மீட்டர் தாண்டி மறுபடி தலைகாட்டும். ஆபத்து அதிகம் இருக்கிற இடத்தில்தான் கைவிடுகிறார்கள். வரைபடத்தைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது சந்திப்புகளைத்தான், பாதையின் நீளத்தை அல்ல.

ஒரு சிக்னலின் முன் நின்று கணக்குப் பாருங்கள். சாலை 14 மீட்டர் அகலம். பச்சை மனிதன் எரியும் நேரத்தைப் பல நாடுகளில் வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்ற கணக்கில் வைக்கிறார்கள். அப்படியானால் கடக்க 12 வினாடி. தடி ஊன்றி வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு அதே தூரம் 17 வினாடிக்கு மேல் ஆகும். சிவப்பு விழும்போது அவர் இன்னும் நாலு மீட்டர் பாக்கி வைத்து நடுச்சாலையில் நிற்கிறார். தீர்வுகள் தெரிந்தவைதான்: பச்சை நேரத்தைக் கூட்டலாம், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டலாம், கடக்கும் இடத்தில் சாலையையே குறுக்கி 14-ஐ 8 ஆக்கலாம். மூலைகளின் வளைவைக் கூர்மையாக்குவதும் இதோடு சேர்ந்தது. வளைவு பெரிதாக இருந்தால் கார் வேகம் குறைக்காமலே திரும்பும்; கூர்மையாக இருந்தால் குறைத்தே ஆக வேண்டும்.

நடைமேம்பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாதசாரிகளின் பாதுகாப்புக்கு என்று கட்டுகிறார்கள். சாலைக்கு மேல் 6 மீட்டர் உயரம் என்றால், 15 சென்டிமீட்டர் படி வைத்து ஏற 40 படி, இறங்க 40 படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டலாமே என்றால், 20-க்கு 1 என்ற வசதியான சரிவில் அது 120 மீட்டர் நீளும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். 14 மீட்டர் சாலையைக் கடக்க இவ்வளவு! ஜனங்கள் பாலத்துக்குக் கீழேயே ஓடிக் கடக்கிறார்கள், அவர்களைத் திட்டுகிறோம். ஊருக்குள் இருக்கும் சாலையில் நடைமேம்பாலம் என்பது காருக்கு வழிவிட நடப்பவரை மேலே ஏற்றுகிற ஏற்பாடுதான். ரயில் தண்டவாளம், விரைவுச்சாலை மாதிரியான இடங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

போய் நடந்து பாருங்கள்

சைக்கிள் வழிக்கு நெதர்லாந்து வடிவமைப்புக் கையேடு வகுத்த ஐந்து தேவைகள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன; 2020-இல் இங்கிலாந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் அவற்றையே எடுத்துக்கொண்டது. தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நேராகப் போக வேண்டும், பாதுகாப்பாக, சௌகரியமாக, பார்க்க நன்றாக இருக்க வேண்டும். முதல் மூன்றையும் மேலேயே பார்த்துவிட்டோம். கடைசி இரண்டும் வரைபடத்தில் தெரியாது. காலில்தான் தெரியும்.

ஆகவே தேர்ந்தெடுத்த வழியில் போய்ப் பாருங்கள். ஒரு முறை அல்ல: பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இருட்டியதும் ஒரு முறை, மழைக்கு மறுநாள் ஒரு முறை. முடிந்தால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருவரையும், சக்கர நாற்காலியில் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பகலில் அழகாக இருக்கும் பூங்கா வழி ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண் தனியாகப் போகத் தயங்கும் இடமாக இருக்கலாம். விளக்கு மட்டும் போதாது. பக்கத்தில் ஜன்னல்கள் இருக்கின்றனவா, கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வழிக்கு இரவு நேர மாற்று வழி ஒன்றும் அதே வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

கையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் அகலத்தைச் சுவரிலிருந்து விளிம்பு வரை அளந்தால் 2 மீட்டர் என்று வரும். திட்டத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு மின்கம்பம். அதற்கு அடுத்து ஒரு அறிவிப்புப் பலகை, அதில் சாய்த்து நிறுத்திய இரண்டு பைக். மிச்சம் 70 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். எழுத வேண்டிய எண் 2 அல்ல, 0.7. வாகனம் நுழையும் ஒவ்வொரு வாசலிலும் நடைபாதை சரிந்து இறங்கி ஏறுகிறதா என்றும் பாருங்கள். நூறு மீட்டருக்குள் எட்டு முறை இறங்கி ஏறினால் மனிதர்கள் நடைபாதையை விட்டுச் சாலையில் நடப்பார்கள், நியாயம்தான்.

இடம் போதவில்லை என்று நடப்பவரையும் சைக்கிளையும் ஒரே பாதையில் விடுகிற யோசனை கட்டாயம் வரும். ஆள் குறைவாக இருக்கும் ஊர் எல்லையில், ஆற்றங்கரையில் பரவாயில்லை. கடைத்தெருவில் வேண்டாம். அங்கே சைக்கிளுக்கு மணியடித்தே கை ஓயும். பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிளால் பார்வையற்றவருக்கும் முதியவருக்கும் தூக்கிவாரிப் போடும். இடம் வேண்டுமானால் காரிடமிருந்துதான் எடுக்க வேண்டும், இவர்கள் இருவரையும் ஒருவரோடு ஒருவர் மோத விடுவதில் அர்த்தமில்லை.

எதை முதலில் செய்வது

எல்லாம் முடிந்தபின் கையில் நூறு வேலைகளின் பட்டியல் இருக்கும், இருபதுக்குத்தான் பணம் இருக்கும். தடிமனான விருப்பக் கோட்டில் இருக்கும் மோசமான இடங்களை முதலில் எடுங்கள். ஏற்கெனவே இரண்டு பக்கமும் நல்ல தெரு இருந்து, நடுவில் ஒரே ஒரு கடவைதான் குறை என்றால், அந்த ஒரு வேலையிலேயே முழு வழியும் திறந்துகொள்ளும். சுலபமாகக் கிடைக்கும் அகலமான சாலையில் முதலில் பாதை போட்டுக் கணக்குக் காட்டுவது எதிர்த் திசைப் பயணம்.

சந்தேகமான யோசனைகளைத் தற்காலிகமாகச் செய்து பாருங்கள். செடித் தொட்டியும் பிளாஸ்டிக் கம்பமும் வைத்து ஆறு மாதம் ஓடவிட்டால், எங்கே லாரி திரும்ப முடியவில்லை, எங்கே ஆம்புலன்ஸ் தடுமாறுகிறது என்பதெல்லாம் கான்கிரீட் ஊற்றும் முன்பே தெரிந்துவிடும். தெருக்காரர்களிடம் காகிதத்தில் காட்டிப் பேசும் கூட்டத்தைவிட, நிஜத் தெருவில் பார்த்துப் பேசும் கூட்டத்தில் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

சில வேலைகளுக்குக் கடப்பாரையே தேவைப்படுவதில்லை. கோபன்ஹேகனில் நோரப்ரோகடா சாலையின் சிக்னல்களை, மணிக்கு 20 கிலோமீட்டரில் சைக்கிள் ஓட்டி வருகிறவருக்குத் தொடர்ந்து பச்சை கிடைக்கிற மாதிரி ஒத்திசைத்து வைத்தார்கள். ஸ்பெயினின் பொன்டெவெத்ரா சுமார் எண்பதாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். 1999 முதல் அதன் மையத்திலிருந்து கார்களைப் படிப்படியாகக் குறைத்தவர்கள், நடப்பவர்களுக்காக ஒரு வரைபடமும் அச்சிட்டார்கள். மெட்ரோ ரயில் வரைபடம் போலவே நிறம் நிறமான கோடுகள். ஆனால் நிலையங்களின் இடத்தில் ஊரின் சதுக்கங்களும் சந்தையும்; கோட்டின் மேல் நடந்தால் ஆகும் நிமிடங்கள். ரயில் நிலையத்திலிருந்து மையத்துக்கு நடக்கிற தூரம்தான் என்பது, எண்ணாகப் பார்க்கும் வரை பலருக்கு உறைப்பதில்லை.

வழி திறந்தபின் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணும்போது எத்தனை பேர் என்பதோடு, யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகள், பெண்கள், முதியவர்கள், ஹெல்மெட்டும் பந்தய உடையும் போட்டவர்கள் எனத் தனித்தனியாக. எண்ணிக்கை இரண்டு மடங்கானாலும் வந்தவர்கள் எல்லாரும் துணிச்சலான இளைஞர்கள் என்றால், வழியில் எங்கோ அந்த ஒரு துளி விஷம் இன்னும் இருக்கிறது. போய்த் தேட வேண்டும். புதுப் பாதைக்குப் பக்கத்தில் புல்வெளியில் மறுபடி ஒரு ஒற்றையடித் தடம் விழத் தொடங்கியிருந்தால், அதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கல் பதிக்க வேண்டிய இடம் அது.